ஏழையின் வழக்கும் மாணவர் பயிற்சியும்: ஓர் அறவியல் நோக்கு

சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தை நீதியியல் நோக்கிற் படிப்போர்க்கு ஓருண்மை புலப்படும். பொற்கொல்லன் குற்றஞ் சாட்டினான், மன்னன் ஆணையிட்டான், கோவலன் சார்பிற் பேசுவதற்கு அங்கே எவரும் இருக்கவில்லை. கண்ணகி வழக்குரைத்த போது சான்று தெளிவாகவே இருந்தது. சிலம்பு உடைபட்டதும் உண்மை வெளிப்பட்டது. ஆயின் அதற்குள் ஓர் உயிர் போய்விட்டது. பாண்டியனைக் கொடுங்கோலன் என்று காப்பியம் காட்டவில்லை. தன் பிழையை உணர்ந்த கணத்திலேயே உயிர்துறந்த மன்னனாகவே காட்டுகின்றது. நெறி பிறழக் கூடாதென்று கருதிய அரசன் இருந்தும் அவனது அவையில் நீதி தவறியது. உரிய வேளையில் உரிய வினாவை எழுப்புவதற்கு ஒருவர் இல்லாமற் போனமையே அதற்கு ஏது.

இன்றைய சட்டம் இக்குறையை அறியாததன்று. குற்றஞ் சாட்டப்பட்டவர் தாமாகவோ சட்டத்தரணி மூலமாகவோ நியாயமான விளக்கமொன்றிற் செவிமடுக்கப்படுவதற்கு உரித்துடையவர் என இலங்கையின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13(3) ஆம் உறுப்புரை கூறுகின்றது. அதே ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் சட்ட உதவி ஆணைக்குழுவைத் தோற்றுவித்தது. எனினும் ஏட்டில் உள்ள உரிமைக்கும் அதனைக் கேட்டுப் பெறவேண்டிய மனிதருக்கும் இடையில் நெடுந்தூரம் இருக்கின்றது. இத்தூரத்தைக் குறைப்பதற்குச் சட்ட மாணவரை ஈடுபடுத்தலாம், அதனால் மாணவருக்குச் செயன்முறைப் பயிற்சியும் ஏழைகளுக்கு உதவியும் ஒருங்கே கிடைக்கும் என்பது பலராலும் முன்வைக்கப்படும் கருத்தாகும். கேட்பதற்கு இனிமையான கருத்துத்தான். ஆயினும் அதன் அடியில் எளிதில் விடை கூறவியலாத அறவியல் வினாவொன்று கிடக்கின்றது. ஒருவர் கற்றுக்கொள்வதற்கு இன்னொருவரின் இடுக்கண் களமாக அமையலாமா? அமையலாமெனின், எந்நிபந்தனைகளின் கீழ்?

முதலிற் சட்டக் கல்வியின் நிலையை நோக்குதல் தகும். ஐக்கிய அமெரிக்காவில் 1870 ஆம் ஆண்டு ஹாவார்ட் சட்டக் கல்லூரியின் தலைமையை ஏற்ற லாங்டெல், மேல் மன்றங்களின் தீர்ப்புக்களைப் படித்து அவற்றினின்று சட்டக் கோட்பாடுகளை வடித்தெடுக்கும் முறையை நிலைநாட்டினார். அம்முறை மாணவரின் சிந்தனையைக் கூர்மைப்படுத்தியது. ஆனால் தீர்ப்பு என்பது ஒரு வழக்கின் இறுதி வடிவம். அழுதவரின் அழுகையும், பொய்சொன்னவரின் பொய்யும், தொலைந்த கடதாசியும் அங்கே இடம்பெறுவதில்லை. மருத்துவ மாணவருக்கு வைத்தியசாலை இருப்பது போலச் சட்ட மாணவருக்கும் ஏன் ஒரு களம் இருத்தலாகாது என்று 1933 இல் ஜெரோம் பிராங்க் வினவியதன் காரணம் இதுவே. இலங்கையில் 1874 இல் நிறுவப்பட்ட சட்டக் கல்லூரியிலும், 1947 இல் தொடங்கிய பல்கலைக்கழகச் சட்டத்துறையிலும் பயின்றோர் சட்டத்தரணிகளாக வெளிவருமுன் அனுபவமிக்க சட்டத்தரணி ஒருவரிடம் பயிலுநராக இருந்தாக வேண்டுமென்பது வழக்கம். இப்பயிற்சியின் பயன் மறுத்தற்கரியது. எனினும் அங்கே பயிலுநர் காண்பவர் பெரும்பாலும் கட்டணம் செலுத்தி வருபவரே. சட்டத்தரணியின் வாயிற்படியை மிதிக்கத் துணியாதவரைப் பயிலுநர் எங்ஙனம் காண்பார்?

அவ்வாறு வாயிற்படியை மிதிக்காதோரின் இடர் எத்தகையது என்பதற்கு யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தனக்கே உரிய அசையாச் சொத்தாயினும் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி அதனை விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. போரிலே கணவன் காணாமற் போய்விட்ட ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். பிள்ளையின் படிப்புக்காகச் சீதனக் காணியை ஈடுவைக்க அவள் முனைகிறாள். கையொப்பமிட வேண்டியவன் இல்லை. இறந்தான் என்று எழுதிக் கொடுக்கவோ அவள் மனம் இசையவில்லை. ஆனால் அதே கட்டளைச்சட்டத்தில் வேறொரு வழியும் இருக்கின்றது. கணவன் இருக்குமிடம் தெரியாதவிடத்து மாவட்ட நீதிமன்றத்தை நாடி, அவனது சம்மதமின்றியே காரியமாற்ற அனுமதி பெறலாம். நூறாண்டுக்கு மேலாக அந்த ஏற்பாடு சட்டத்தில் உண்டு. உண்டென்று அவளுக்குச் சொல்வார் இல்லையாயின், அவளளவில் அஃது இல்லாததற்கு ஒப்பாகும்.

பிறிதோர் எடுத்துக்காட்டும் உண்டு. ஒருவரின் காணியைப் பிறர் பத்தாண்டுகள் எதிர்ப்பின்றித் தமதாக ஆண்டுவந்தால் உரித்து ஆள்பவரைச் சேரலாம் என்பது 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின் நெறி. இடம்பெயர்ந்து முகாம்களில் வாழ்ந்தவர் எதிர்ப்புத் தெரிவிப்பது எவ்வாறு? இவ்வநீதியைக் களையவே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே மாதம் முதல் 2009 மே மாதம் வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயல்களால் மன்றை நாட இயலாதிருந்தோருக்கு அச்சட்டம் விலக்களித்தது. ஆனால் வழக்கிடுவதற்கு அது கொடுத்த தவணை இரண்டே ஆண்டுகள். அத்தவணைக்குள் செய்தி எட்டாத குடும்பத்துக்கு அச்சட்டம் இயற்றப்பட்டும் இயற்றப்படாததே.

அயல்நாடான இந்தியாவில் 1979 இல் தீர்ப்பளிக்கப்பட்ட உசைனாரா காத்தூன் வழக்கும் இதனையே உணர்த்துகின்றது. பீகார்ச் சிறைகளில் விளக்கத்தை எதிர்பார்த்துக் கிடந்தோர் பலர், குற்றவாளிகளாகக் காணப்பட்டிருந்தாற் கூட அனுபவித்திருக்க வேண்டாத நீண்ட காலத்தைச் சிறையிற் கழித்திருந்தனர். பிணைக்குப் பணமின்மையும் சார்ந்து பேசுவார் இன்மையுமே அதற்குக் காரணங்கள். இங்கு கருதத்தக்கது, இம்மூன்று நிலைமைகளிலும் முதற்கண் வேண்டப்படுவது நுண்ணிய வாதத்திறன் அன்று என்பதே. பொறுமையாகக் கேட்டல், கடதாசிகளை ஒழுங்குபடுத்தல், திகதிகளைக் கணக்கிடுதல், சட்டத்தின் வாசகத்தை மக்கள் மொழியில் எடுத்துரைத்தல், உரிய சட்டத்தரணியிடம் உரிய நேரத்தில் ஆற்றுப்படுத்தல் ஆகியவையே வேண்டப்படுகின்றன. இவை தக்க வழிகாட்டலுடன் மாணவர் செய்யத்தக்க பணிகளாகும்.

இனி இதற்கெதிராக எழும் தடையை நோக்குவோம். மனிதரை ஒருபோதும் வெறுங் கருவியாகக் கொள்ளலாகாது, அவரைத் தம்மளவிலேயே நோக்கமாகக் கொள்ள வேண்டும் என்பது ஜேர்மனிய மெய்யியலாளர் கான்ற்றின் அறவிதி. ஏழையின் வழக்கை மாணவன் கையிற் கொடுக்கும்போது அவ்விதி மீறப்படவில்லையா? செல்வர் தம் காணி வழக்கை இரண்டாம் வருட மாணவனிடம் ஒப்படைப்பாரல்லர். கைபழகுவதற்கு ஏழையும், கைபழகிய பின் செல்வரும் என்றால், கல்வியின் பெயரால் ஏற்றத்தாழ்வே நிலைபெறும். மருத்துவத் துறையிலும் இக்குற்றச்சாட்டு உண்டு. தனியார் வைத்தியசாலையின் தனியறையில் மாணவர் கூட்டம் கட்டிலைச் சூழ்ந்து நிற்பதில்லை. இலவச வைத்தியசாலையின் பொது விடுதியிலேதான் நிற்கின்றது.

இத்தடையைப் புறந்தள்ளுவது நேர்மையாகாது. ஆயினும் கான்ற்றின் விதியை ஊன்றி நோக்கின், அது விலக்குவது பிறரை வெறுங் கருவியாகக் கொள்வதையே என்பது தெளிவாகும். பிறரால் ஒருவர் பயன்பெறுவதை அது விலக்கவில்லை. ஆசிரியர் மாணவராற் கற்கிறார். வைத்தியர் நோயாளராற் கற்கிறார். எதிரிலிருப்பவரின் நலமும் விருப்பும் அவ்வுறவை ஆளுகின்றனவா என்பதே வினா. இதிலிருந்து மூன்று நிபந்தனைகள் பிறக்கின்றன.

முதலாவது, வெளிப்படைத்தன்மை. தம்மோடு பேசுபவர் மாணவர் என்பதை உதவி நாடுபவர் அறிந்திருக்க வேண்டும். வேண்டாமென்று கூறும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும். வேறு கதியற்றவர் கூறும் சம்மதம் முழுச் சம்மதமாகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இரண்டாவது, மேற்பார்வை. இலங்கையில் மன்றிற் தோன்றி வழக்குரைக்கும் உரிமை சட்டத்தரணிக்கே உரியது. ஆகவே மாணவர் எழுதும் ஒவ்வொரு மனுவையும் சத்தியக் கடதாசியையும் பொறுப்புடைய சட்டத்தரணி ஒருவர் சொல்லுக்குச் சொல் படித்துத் திருத்துதல் வேண்டும். பெயருக்கு ஒரு மேற்பார்வையாளரை நியமித்துவிட்டு மாணவரைத் தனியே விடுவது இருவருக்கும் இழைக்கும் தீங்காகும். அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்தை நாட அரசியலமைப்பின் 126(2) ஆம் உறுப்புரை தரும் காலம் ஒரு மாதமே. மாணவரின் கணக்கில் ஒரு நாட்பிழை பரீட்சையில் ஒரு புள்ளியைக் குறைக்கும். மனுதாரரின் வாழ்விலோ அது வழியையே அடைத்துவிடும்.

மூன்றாவதும் பெரிதும் மறக்கப்படுவதும் தொடர்ச்சியாகும். பல்கலைக்கழக ஆண்டு தவணைகளால் ஆயது. காணிப் பிரிவினை வழக்கோ தந்தை தொடங்கிப் பிள்ளை முடிக்கும் இயல்பினது. பரீட்சை நெருங்கியதும் மாணவர் கோவையை மூடிச் செல்வாராயின், கதையை முழுதும் கேட்டுவிட்டு நடுவழியில் விட்டகன்றவராவார். தன் துயரை ஒருமுறை சொன்னவர், அடுத்த ஆண்டு புதிய மாணவரிடம் அதனை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டிய நிலை இழிவானது. எனவே வழக்கை ஏற்பது நிறுவனமாக இருத்தல் வேண்டும். மாணவர் மாறலாம், கோவையும் பொறுப்பும் கைமாறித் தொடர வேண்டும்.

பிறிதொரு தடை வேறு திசையிலிருந்து வருகின்றது. சேவை என்பது மனமுவந்து செய்வது. அதனைப் பாடத்திட்டத்தில் வைத்துக் கட்டாயமாக்கினால் அதன் அறப்பெறுமானம் அழியாதா என்பது அது. ஐக்கிய அமெரிக்காவின் ரியூலேன் பல்கலைக்கழகச் சட்டபீடம் 1987 இல் இலவச சட்டப்பணியைப் பட்டத்துக்குரிய நிபந்தனையாக்கியது. நியூயோர்க் மாநிலத்திற் சட்டத்தரணியாக அனுமதி பெற விரும்புவோர் 50 மணித்தியாலங்கள் அத்தகைய பணி செய்திருக்க வேண்டுமென்ற விதி 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. மணிக்கூட்டைப் பார்த்துச் செய்யும் அறம் அறமாகுமா?

இதற்கு அரிஸ்டோட்டில் தரும் விடை கருதத்தக்கது. நீதியான செயல்களைச் செய்து செய்தே ஒருவர் நீதியுடையவராகிறார் என்பது அவர் கொள்கை. வீணை வாசித்தே வீணை பழகுவது போல, அறமும் பயிற்சியால் அமைவது. தொடக்கத்திற் புறத்தேயிருந்து வரும் கட்டுப்பாடு பழக்கமாகிப் பின் இயல்பாகலாம். ஆனால் இவ்விடை கட்டாயத்தின் பயனையே கூறுகின்றது. அதன் நியாயத்தைக் கூறவில்லை. நியாயத்தைத் தமிழ் மரபிலே தேடலாம். திருவள்ளுவர் ஒப்புரவறிதலை ஓர் அதிகாரமாகவும் ஈகையைப் பிறிதோர் அதிகாரமாகவும் வகுத்தார். ஈகை இல்லாதவர்க்கு உள்ளவர் கொடுப்பது. ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழ்பவர் ஊருக்கு ஆற்றும் கடமை. சட்ட மாணவரின் சேவையை ஈகையாகக் கொண்டால் அதனைக் கட்டாயப்படுத்துவது பொருந்தாது. ஒப்புரவாகக் கொண்டால், கடமையைச் செய்யுமாறு கேட்பதில் தவறொன்றும் இல்லை.

அது கடமையே என்பதற்கு இந்நாட்டின் கல்வி வரலாறு சான்று. 1945 முதல் இலங்கையில் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம். இலவசம் என்ற சொல் மாணவர் கட்டணம் செலுத்தவில்லை என்பதை மட்டுமே குறிக்கும், எவரோ செலுத்தியிருக்கின்றனர். அந்நாளில் நாட்டின் ஏற்றுமதி வருவாயில் தலையாயது தேயிலை. அதனைக் கிள்ளிய கைகளுக்கு உரியோரிற் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். அவர்தம் பிள்ளைகள் பயின்ற தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். அதாவது, தம் பிள்ளைகள் எட்டவியலாத கல்விக்கு அவர்கள் பொருள் தந்தனர். பிறப்புச் சான்றிதழோ காணியுறுதியோ இன்றி அலுவலகங்களின் வாயிலில் இன்றும் நிற்கும் மலையகத் தொழிலாளியின் விண்ணப்பத்தை ஒரு பட்டதாரி மாணவர் எழுதிக் கொடுப்பாராயின், அவர் செய்வது தருமமன்று. நெடுநாள் நிலுவையிலிருந்த கடனில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிச் செலுத்துவதேயாகும்.

இவ்வெண்ணம் மாணவரின் மனப்பாங்கையும் செம்மைப்படுத்தும். உதவி செய்கிறோம் என்ற உணர்வு மெல்லிய செருக்கொன்றைத் தன்னுள் மறைத்து வைத்திருப்பது. அச்செருக்கு நன்றியை எதிர்பார்க்கும். எதிரிலிருப்பவர் கோபப்பட்டாலோ ஆலோசனையை ஏற்க மறுத்தாலோ முகஞ்சுளிக்கும். கடன் செலுத்த வந்தவரோ அவ்வாறு முகஞ்சுளிக்க இடமில்லை.

இறுதியாக அரசைப் பற்றியும் ஒன்று கூற வேண்டியுள்ளது. மாணவரின் ஆர்வத்தைக் காட்டிச் சட்ட உதவிக்கான நிதியைச் சுருக்க எவரும் முற்படின், அது மாணவரையும் ஏழையையும் ஒருங்கே ஏமாற்றும் செயலாகும். மாணவர் சட்டத்தரணியின் கைக்கு உதவலாம். அவரது இடத்தை நிரப்பவியலாது. மேல் நீதிமன்றில் விளக்கத்தை எதிர்நோக்குபவருக்குச் சட்டத்தரணி இல்லாதவிடத்து ஒருவரை நியமித்துக் கொடுக்கும் ஏற்பாடு நமது சட்டத்தில் உண்டு. அவ்வாறு நியமிக்கப்படுபவர் கோவையை முன்னரே படித்திருக்கச் செய்வதும், மாணவர் அவருக்குத் துணைநிற்பதும் செய்யத்தக்கவை.

ஆதலின் மாணவர் சேவைத் திட்டம் எதனையும் ஓர் எளிய வினாவால் அளந்து பார்க்கலாம். இதே பணியை, இதே கவனத்துடன், இதே மேற்பார்வையில், கட்டணம் செலுத்தும் ஒருவர் ஏற்றுக்கொள்வாரா? ஏற்பாரெனின் அத்திட்டம் ஏழையின் முன் தலைநிமிர்ந்து நிற்கலாம். ஏற்கமாட்டாரெனின், குறையை நிவர்த்தி செய்யும் வரையில் மாணவரை அங்கு அனுப்பாதிருப்பதே பல்கலைக்கழகத்தின் கடமை. சட்டபீடங்கள் இதற்கெனப் பொறுப்புடைய சட்டத்தரணிகளை நிரந்தரமாக நியமிப்பதும், விடுமுறைக் காலத்திலும் திறந்திருக்கும் அலுவலகமொன்றை வைத்திருப்பதும், மக்களின் மொழியிலேயே கோவைகளைப் பேணுவதும் முதற்படிகளாகும்.