மூடாத வாசலும் சாத்திய கதவும்

விழுப்புரம் அழகா, திண்டிவனம் அழகா என்று எங்கள் பக்கத்தில் கேட்டால் சண்டை நிச்சயம். 1993இல் மாவட்டத் தலைநகர் ஆனதையும், ஐந்து திசைகளுக்கு ரயில் பிரிவதையும் சொல்லி விழுப்புரத்துக்காரர் தொடங்குவார். புளியங்காடு என்று பொருள்படும் பெயர், திந்திரிணீஸ்வரர் கோயில், செஞ்சிக்கோட்டைக்குப் போகும் வழி என்று திண்டிவனத்துக்காரர் அடுக்குவார். வெளியூர்க்காரருக்கோ இரண்டுமே சென்னை போகும் வழியில் தேநீருக்கு நிற்கும் ஊர்கள். சண்டையின் சூட்டுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

நகரங்களை மோதவிட்டுப் பார்ப்பது நமக்குப் பழைய பழக்கம்தான். சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் வஞ்சி, மதுரை, உறந்தை மூன்றையும் புகழ்ந்துவிட்டு, ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கொடைக்கு முன்னால் அவை வெறுமை என்கிறார். அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. மூவேந்தர் தலைநகரங்களைத் திண்டிவனம் தோற்கடித்தது என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் கைதட்டுகிறார்கள்.

மதிலின் உயரத்தை வைத்து வந்த வெற்றியல்ல அது. பொருநரோ புலவரோ அந்தணரோ யார் வந்தாலும் மூடாத வாசல் அவனுடையது. ஆனால் அதே பாட்டில் ஒரு கதவு சாத்தப்படுகிறது. இடிந்த அடுக்களையில், ஈன்ற நாய் பால் கொடுக்க முடியாமல் குட்டிகளைப் பார்த்துக் குரைக்கிறது. பசியால் ஒடுங்கிய கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நாணிக் கதவைச் சாத்திய பிறகே சுற்றத்தோடு உண்கிறாள். பாணனோடு வழிநடக்கும் விறலியரைக் கூந்தலிலிருந்து தொடங்கி அங்கம் அங்கமாக வர்ணிக்கிறது பாட்டு. அந்த வழியில் அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று அது கேட்கவில்லை.

ஒரு நகரத்தை அழகு என்று சொல்லும்போது நாம் எங்கே நின்றுகொண்டு சொல்கிறோம்?

நியூயார்க், சிகாகோ சண்டையும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. 1885இல் சிகாகோ பத்து மாடி ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தைக் கட்டியது. 1931இல் நியூயார்க் 102 மாடி எம்பயர் ஸ்டேட்டை எழுப்பியது. 1970களில் சிகாகோ 442 மீட்டர் சியர்ஸ் கோபுரத்தால் அதை முந்தியது. இந்த உயரப் போட்டி எனக்குச் சலிப்பூட்டுகிறது. இருந்தாலும் என் சாய்வு சிகாகோ பக்கம், அதன் ஏரிக்கரைக்காக. 1836இலேயே கரையோர நிலத்தின் ஒரு பகுதியைப் பொதுநிலம், கட்டடம் எழுப்பக் கூடாது என்று வரைபடத்தில் குறித்துவைத்தார்கள். ஆனால் 1919 கோடையில், அந்த நகரத்தின் ஏரியில் மிதவையில் போன 17 வயதுக் கறுப்பின இளைஞன் யூஜின் வில்லியம்ஸ், வெள்ளையர் தமக்கென்று வைத்திருந்த பகுதிக்குள் நகர்ந்துவிட்டான். கல்லெறிந்தார்கள்; மூழ்கி இறந்தான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டார்கள். ஏரியின் புகைப்படங்களில் இதெல்லாம் தெரிவதில்லை.

நம் ஊர்களில் கல்லெறியத் தேவையில்லை. "இங்க என்னம்மா நிக்கிற?" என்ற ஒரு கேள்வி போதும். 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எத்தனையோ பெண்கள் கல்லூரி வாசலை மிதித்தது அதனால்தான்; அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பேருந்து போய்ச் சேர்க்கத்தான் செய்யும். இறங்கிய இடத்தில் சும்மா நிற்கும் உரிமை பயணச்சீட்டில் வருவதில்லை.

உங்கள் ஊரின் அழகைப் பற்றி அரைப் பக்கம் எழுதுங்கள் என்று ஒருமுறை வகுப்பில் சொன்னேன். பையன்கள் ஏரிக்கரை, ராத்திரி டீக்கடை, செஞ்சி ராஜகிரி உச்சியிலிருந்து தெரியும் வயல்கள் என்று எழுதினார்கள். பெண்களின் தாள்களில் கடைசிப் பேருந்தின் நேரம் இருந்தது, ஜன்னலோர இருக்கை இருந்தது, கூட்டமில்லாத படிக்கட்டு இருந்தது. ஒருத்தி மட்டும் விழுப்புரம் ரயில் நிலைய மேம்பாலத்தை எழுதியிருந்தாள். பத்து ரூபாய் கொடுத்து பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிவிட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லையாம். தண்டவாளங்கள் பிரிந்து போவதை இருபது நிமிஷம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவாளாம். டிக்கெட்டைக் கையில் தெரியும்படி பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தாள்.