கடிகாரமும் கதிரவனும்

பொழுது எங்கும் ஒன்றன்று என்பதைப் பிறர் சொல்லி நாம் அறிய வேண்டியதில்லை. ஜம்பூத்வீபத்திற்குச் சூரியர் இருவர் என்றும், பரத க்ஷேத்திரத்தில் பகலாயிருக்கையில் விதேகத்தில் இரவு என்றும் நம் லோக சாத்திரம் உரைக்கிறது. அச்சாத்திரம் கூறும் லோகவிபாகம் நம் கடலூரிலேயே தோன்றியது. சர்வநந்தி முனிவர் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், அதனைப் பாடலியில் இயற்றினார். அப்பாடலி இன்றைய திருப்பாதிரிப்புலியூர் என்பது அறிஞர் கொள்கை. பிராகிருத மூலம் மறைந்தது. சிம்மசூரியின் வடமொழி வடிவமே எஞ்சியது.

கதிரவன் ஒரு பாகை கடக்க நான்கு நிமிடம் என்பது பள்ளிக் கணக்கு. அதன்படி கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் உள்ள வேற்றுமை ஏறத்தாழ இருபது விநாடி. ஆயினும், மீன்படகுகளோடு விழிக்கும் துறைமுக ஊரும் ஆறுகாலப் பூசையின் மணியோசையில் பொழுதறியும் கோயில் ஊரும் ஒரே நாளையா வாழ்கின்றன? 1906இல் வந்த இந்தியப் பொது நேரம் 82½ பாகையைப் பற்றியது; ஆதலின் கடலூரில் உச்சிப்பொழுது சராசரியாக 12 மணி 11 நிமிடத்தில்தான் வருகிறது. கடிகாரம் என்பது ஊர்கள் தம்முள் செய்துகொண்ட உடன்பாடு. நோன்பும் அவ்வுடன்பாட்டிற்குக் கட்டுப்பட்டதா?

நம் பிள்ளைகள் கடல் கடந்து வாழத் தொடங்கியபின் இது வீட்டு வினாவாகிவிட்டது. இங்கிலாந்தில் ஜைன ஆலயம் அமைந்த லெஸ்டர் நகரைக் காண்போம். அங்கே டிசம்பர் இறுதியில் நான்கு மணிக்கு முன்பே அஸ்தமனம்; ஜூன் இறுதியிலோ இரவு ஒன்பதரை மணிக்கு. கடலூரில் ஆண்டு முழுவதும் அஸ்தமனம் ஐந்தரைக்கும் ஆறேமுக்காலுக்கும் இடையில் அடங்கிவிடும். பகல் 18 முகூர்த்தம் வரை நீண்டு 12 வரை குறுகும் என்பது சாத்திரக் கணக்கு. நம் ஊரில் அது 16க்கும் 14க்கும் இடைப்பட்டது. லெஸ்டரில் 21ஐ எட்டிப் பத்துக்கும் கீழே இறங்குகிறது.

“ஊரில் ஆறு மணிக்கு உண்டோம்; இங்கும் ஆறு மணிக்கே உண்போம், மின்விளக்கு இருக்கிறதே” என்பார் உளர். நாம் உடன்படோம். இரவுண்ணாமை உயிர்க்கொலை அஞ்சி ஏற்ற விரதம். விளக்கு பூச்சியை அழைக்குமேயன்றி அகற்றாது. கடுங்குளிரில் பூச்சி ஏது என்பர். அது மெய்யே, அதனை மறுக்க வேண்டுவதில்லை. ஆனால் கடிகாரத்தை நாம் திருப்பலாம். அந்நாட்டார் ஆண்டுக்கு இருமுறை திருப்பவும் செய்கின்றனர். கதிரவனை யார் திருப்புவார்? நம் விருப்பத்திற்கு வளையாத ஒன்றை எல்லையாகக் கொண்டாலன்றோ அது விரதமாகும்?

அஸ்தமனத்திற்கு இரண்டு நாழிகை முன்னரே உணவை முடித்தல் பெரியோர் வகுத்த முறை. அவ்வாறாயின் லெஸ்டரில் டிசம்பரில் மூன்று மணிக்கே முடிக்க வேண்டும். அங்குள்ள நம் உறவினர் வீட்டுச் சிறுமி ஒருத்தி, இரண்டாவது டப்பாவைப் பள்ளியிலேயே உண்டுவிடுகிறாள். கோடையின் சிக்கல் வேறு. எட்டேகால் மணிக்கு உண்டாலும் அங்கே விதி மீறவில்லை. ஆயினும் இரவு ஏழு மணி நேரமாகச் சுருங்க, நோன்பும் உடன் சுருங்குகிறது. இதற்கு என்ன செய்கிறாய் என்று அவளை வினவினோம். ஆறு மணிக்கே முடித்துவிடுகிறாளாம். ஏன் என்றதற்கு, அதற்குமேல் பசிப்பதில்லை என்றாள்.