ஒரு குரல்... ரெண்டு கணக்கு!

ஆடி வெள்ளி. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில். பெரம்பலூரைத் தாண்டித் திருச்சி சாலையில் கொஞ்ச தூரம் போனால் வரும். வழக்கமாக வாரத்தில் திங்கள், வெள்ளி என்று இரண்டே நாள்தான் நடை திறப்பார்கள். அப்படியென்றால் ஆடி வெள்ளியில் கூட்டம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு பக்கம் மாவிளக்குக்கு மாவு இடிக்கிற சத்தம். இன்னொரு பக்கம் ஸ்பீக்கரில் எல்.ஆர்.ஈஸ்வரி.

டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும், "என்னா குரலு தம்பி... சாமியே எறங்கி வந்துரும்!" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ஒரு காலத்துல இந்தம்மா பாட்டு ரேடியோவுல வந்தா எங்க அப்பாரு பட்டுன்னு அணைச்சிருவாரு. பொம்பளப் புள்ளைங்க இருக்குற வீடும்பாரு. அப்பறம் அம்மன் பாட்டாப் பாடி பாவத்தைக் கழுவிக்கிடுச்சு" என்றார்.

அந்தக் கடைசி வரியில் என் டீ ஆறிப்போனது.

பாவமா? என்ன பாவம்?

'எல்' என்றால் லூர்து. லூர்து மேரி ராஜேஸ்வரி. கத்தோலிக்கக் குடும்பம். அம்மா ஜெமினி ஸ்டுடியோவில் கோரஸ் பாடியவர். மகளும் கோரஸில்தான் ஆரம்பித்தார். 1958-ல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் தனியாகப் பாட வாய்ப்புக் கொடுத்தவர் கே.வி.மகாதேவன். 1961-ல் 'பாசமலர்' படத்தின் கல்யாணப் பாட்டு வந்ததும் அந்தக் குரல் இல்லாமல் தமிழ்நாட்டில் தாலி ஏறாது என்கிற நிலைமை. அதுவரைக்கும் எந்தப் பிரச்னையும் இல்லை.

அப்புறம் 1968-ல் 'பணமா பாசமா' படத்தின் இலந்தப்பழப் பாட்டு. 1969-ல் 'சிவந்த மண்' படத்தில் சாட்டையடி சத்தத்துக்கு நடுவே ஒரு பாட்டு. அடுத்தடுத்து கிளப் டான்ஸ் பாட்டுகள். சிரிப்பு, சிணுங்கல், பெருமூச்சு, திடீரென்று ஓர் உச்சஸ்தாயிக் கூவல். தமிழ் சினிமாவில் ஒரு பெண் குரல் அடக்கஒடுக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடியது. ஊரே கேட்டது. கேட்டுக்கொண்டே முகத்தைச் சுளித்தது.

அந்தப் பாட்டுகளை எழுதியவர்கள் ஆண்கள். மெட்டுப் போட்டவர்கள் ஆண்கள். பணம் போட்டவர்கள் ஆண்கள். தியேட்டரில் விசிலடித்தவர்களும் அவர்களே. கெட்ட பேர் மட்டும் மைக் முன்னால் நின்ற பெண்ணுக்கு!

நான் பி.காம். படித்தவன். எதையும் பற்று, வரவு என்று ரெண்டு பக்கமாகப் பிரித்துப் பார்க்கிற புத்தி. பெரியவர் போட்ட கணக்கு எனக்குப் புரிகிறது. இந்தப் பக்கம் கிளப் பாட்டு, அந்தப் பக்கம் அம்மன் பாட்டு. கழித்தால் பாக்கி பூஜ்யம். டேலி!

ஆனால், கணக்கு அடிப்படையிலேயே தப்பு என்று தோன்றுகிறது. ரெண்டு பக்கமும் இருப்பது ஒரே சரக்கு. அம்மன் பாட்டில் நம்மைச் சிலிர்க்க வைப்பது எது? அந்த அடங்காமைதானே! சிறுவாச்சூர்க் காளி யார்? செல்லியம்மனை அடக்கி வைத்திருந்த மந்திரவாதியை வதம் செய்தவள் என்பது தலபுராணம். அவளைக் கூப்பிட மென்மையான குரல் எப்படிப் போதும்? நம் ஜனங்கள் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எந்தக் குரலை வீட்டுக்குள் வேண்டாம் என்றார்களோ, அதே குரலைக் கோயிலுக்குள் வைத்துக்கொண்டார்கள். கழுவவேண்டிய பாவம் அங்கே எதுவும் இல்லை. பரிகாரம் என்கிற பேச்சுக்கே இடமில்லை.

அமெரிக்காவில் இந்தக் கதை தலைகீழாக நடந்திருக்கிறது. அங்கே கறுப்பின மக்களின் சர்ச்சில் பிறந்த பாட்டு, வெளியே வந்து காதலைப் பாட ஆரம்பித்ததும் அதற்கு 'சோல்' என்று பேர். ஆன்மா! சாம் குக் என்று ஒரு பாடகர். சர்ச் பாட்டில் நட்சத்திரம். 1957-ல் அவருடைய காதல் பாட்டு வேறொரு பெயரில் வெளியானது. பக்தர்கள் கோபித்துக்கொள்வார்களே என்ற பயம். அரீதா ஃபிராங்க்ளின், டெட்ராய்ட் போதகரின் மகள். உலகமெல்லாம் ஆட வைத்துவிட்டு, 1972-ல் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு சர்ச்சுக்குள் போய் பக்திப் பாட்டு ஆல்பம் பதிவு செய்தார். அதே தொண்டை, அதே கதறல். அவர்கள் கோயிலிலிருந்து கிளப்புக்குப் போனார்கள். நம் ஈஸ்வரி கிளப்பிலிருந்து கோயிலுக்கு வந்தார். ரெண்டு ஊரிலும் வாசலில் நின்று கேள்வி கேட்டவர்கள் ஒரே ரகம்.

அன்றைக்கு மத்தியானம் எனக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு வேலை. பெரம்பலூர், அரியலூர் இரண்டையும் 2001-ல் தனித்தனி மாவட்டமாக்கி, 2002-ல் ஒன்றாக்கி, 2007-ல் மறுபடி பிரித்தார்கள். கோடு போடுவதில் நமக்கு அலுப்பே கிடையாது. வேலை முடிந்து திருமானூர் வழியாக ஏலாக்குறிச்சி போனேன். அடைக்கல மாதா கோயில். இத்தாலியில் பிறந்து இங்கே வந்து வீரமாமுனிவரான பெஸ்கி பாதிரியார் வாழ்ந்த ஊர். ஊருக்குத் திருக்காவலூர் என்று பேர் வைத்து, மாதாவுக்குக் கலம்பகம் பாடியவர். வெள்ளைக்காரனுக்கு எதற்குக் கலம்பகம் என்று தமிழ் தள்ளி வைக்கவில்லை. லூர்து மேரி எப்படி மாரியம்மனைப் பாடலாம் என்று நம் கிராமமும் கேட்கவில்லை. மதம் தாண்டியதைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்ட நமக்கு, ஒரு பெண் குரல் 'மரியாதை' தாண்டியதை மட்டும் ஜீரணிக்க முடியவில்லை.

நமக்கு என்றால்... எனக்கும்தான்.

பி.காம். முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த சமயம். எங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டிக்குக் கணக்கு எழுதினேன். ஆர்கெஸ்ட்ராவில் ஒரு பெண் வரும். சாயங்காலம் அம்மன் பாட்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் இலந்தப்பழம். ரெண்டுக்கும் சேர்த்து ஒரே வவுச்சர். முன்வரிசையில் உட்கார்ந்து விசிலடித்தவர்களில் நானும் ஒருவன். சில மாதம் கழித்து, அந்தப் பெண்ணைப் பற்றி விசாரிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். "பொண்ணு எப்படி தம்பி?"

"நல்லாப் பாடும்ங்க. ஆனா... ராத்திரி பாடுற பாட்டெல்லாம்..." என்று இழுத்தேன்.

அவ்வளவுதான். பொய் சொல்லவில்லை. ஒரு 'ஆனா', ஓர் இழுவை. அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அடுத்த வருஷம் ஆர்கெஸ்ட்ராவில் வேறொரு பெண். விசாரித்தேன். "அதுவா? பாட்டையே விட்டுருச்சு தம்பி" என்றார் கீபோர்டு வாசிக்கிறவர்.

ஈஸ்வரி தாக்குப் பிடித்தார். எழுபதைத் தாண்டி 2011-ல் 'ஒஸ்தி' படத்தில் குத்துப் பாட்டு. 2020-ல் 'மூக்குத்தி அம்மன்' படத்தில் ஆடிக் கொண்டாட்டப் பாட்டு. கிளப் பக்கத்தையும் கோயில் பக்கத்தையும் கடைசிவரை அவர் தனித்தனியாகப் பிரிக்கவே இல்லை. அவர் ஜெயித்ததால் அவருக்கு மன்னிப்பு. ஜெயிக்காத பெண்களுக்கு? ஐந்தொகை டேலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்'டில் போட்டு மூடி வைப்போம். அந்தப் பெண்ணை நான் அங்கேதான் போட்டு வைத்திருக்கிறேன். இருபது வருஷத்துக்கு மேலாகியும் நேர் செய்ய முடியவில்லை.

டீக்கடைப் பெரியவருக்கு நான் பதில் சொல்லவில்லை. அவருடைய 'ஆனா'வைத் திருத்துகிற யோக்யதை எனக்கில்லை.

அடுத்த ஆடியில் உங்கள் தெரு ஸ்பீக்கரில் ஈஸ்வரி பாடும்போது உங்கள் பேரேட்டையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்களேன். யாராவது ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே, உங்கள் கையெழுத்தில், ஓர் 'ஆனா' இருக்கிறதா?