கற்றது யாருக்குச் சொந்தம்?

கல்வியை அழிவற்ற செல்வம் எனப் போற்றினார் வள்ளுவர். ஆயின், ஒரு கல்லூரியை விட்டு மற்றொன்றில் சேரும் மாணவரிடம், 'நீ முன்பு கற்றது இங்கே செல்லாது' என்று கூறப்படும்போது, அச்செல்வம் எங்கே போயிற்று? அவர் மறக்கவுமில்லை, எவரும் பறிக்கவுமில்லை. எனினும், ஏட்டில் அது இல்லாததாகிவிடுகிறது.

கூலாயைச் சேர்ந்த மாணவி ஒருத்தி கோலாலம்பூரில் டிப்ளோமா பயில்கிறாள் எனக் கொள்வோம். தந்தை நோயுறவே, ஜொகூர் பாருவிலுள்ள கல்லூரிக்கு மாற நேர்கிறது. தேறிய பாடங்களின் கிரெடிட்டுகள் ஏற்கப்படுமா என்பதே குடும்பத்தின் கவலை. மலேசியாவில் டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90 கிரெடிட், இளங்கலைப் பட்டத்திற்கு 120 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். ஆகவே, மூன்று கிரெடிட் பாடமொன்று மறுக்கப்பட்டால், 120 மணி நேர உழைப்பு வீணாகிறது. தந்தையின் சேமநிதியிலிருந்தோ, பி.டி.பி.டி.என். கடனிலிருந்தோ கட்டிய பணத்தை மீண்டும் கட்ட வேண்டியதாகிறது.

அந்த 40 மணியில் விரிவுரை மட்டுமன்று, மாணவர் தனித்துப் படித்த நேரமும், பயிற்சி செய்த நேரமும் அடங்கும். அஃதாவது, உழைப்பு மாணவருடையது என்பதை அளவுகோலே ஒப்புக்கொள்கிறது. மாணவர் உழைத்துப் பெற்றதைக் கல்லூரி தன் உடைமையெனக் கருதலாகுமோ?

மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் அறிவுடைமை. பட்டம் என்பது கல்லூரி சமுதாயத்திற்கு அளிக்கும் பிணை. மருந்தின் அளவறியாத தாதியும், பாரத்தின் கணக்கறியாத பொறியாளரும் பிறர் உயிருக்கு ஊறு விளைவிப்பர். பெயர் ஒன்றாயிருப்பினும் இரு பாடங்களின் ஆழம் வேறாயிருக்கலாம். எனவே, பாடப்பொருளையும் தரத்தையும் தேர்ச்சியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது கல்லூரியின் கடமையே.

ஆயினும், ஆராய்வது வேறு. அலட்சியமாய்த் தள்ளுவது வேறு. ஜொகூர் பாலத்தைக் கடக்கும் நம்மவர் ரிங்கிட்டைச் சிங்கப்பூர் வெள்ளியாக மாற்றும்போது தொகை சுருங்குகிறது. அதனை அநீதி என எவரும் கூறுவதில்லை. மாற்று விகிதம் பலகையில் முன்னரே எழுதப்பட்டிருக்கிறதன்றோ? கல்லூரியும் அவ்வாறே, எது ஏற்கப்படும், எது ஏற்கப்படாது என்பதைக் கட்டணம் பெறுமுன் கூறல் வேண்டும். மறுக்க அதற்கு உரிமையுண்டு. காரணம் மறைக்க உரிமையில்லை.

ஐயம் எழுமாயின் சோதித்தறியலாம். 2007இல் அமைந்த மலேசியத் தகுதி முகமையின் கீழ், வேலை அனுபவத்தால் பெற்ற அறிவையும் தேர்வின் மூலமோ, தொகுப்பேட்டின் மூலமோ மதிப்பிட்டுக் கிரெடிட் வழங்கும் ஏபெல் முறை நடைமுறைக்கு வந்துள்ளது. பட்டறையில் கற்றதற்கே மதிப்பளிக்க வழியிருக்க, வகுப்பறையில் கற்றதை ஆராயாமல் புறந்தள்ளுவது எங்ஙனம் முறையாகும்?

மாணவருக்கும் இதில் கடமையுண்டு. தேர்வுக்கு மனனம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்தவர், 'நான் கற்றதை மதியுங்கள்' என்று கேட்பதில் பொருளில்லை. உண்மையாய்க் கற்றவரோ எந்தச் சோதனைக்கும் அஞ்சார். அத்தகையோர் வரும்போது, 'எங்கே கற்றாய்?' என்பதோடு நில்லாமல், 'என்ன கற்றாய்?' என்றும் கேட்பதே கல்விக்கூடத்திற்கு அழகு.