தாழ்த்திய காரும் சந்திரகீர்த்தியின் தேரும்

ஒரு பொருளின் ஒழுங்கு அதன் உறுப்புகளில் இருக்கிறதா, உறுப்புகளுக்கு இடையில் இருக்கிறதா என்னும் வினாவைப் பௌத்த மெய்யியலார் பல நூற்றாண்டுகள் தேரை முன்வைத்தே ஆராய்ந்தனர். 'மிலிந்த பன்ஹா' என்னும் பாலி நூலில், கிரேக்க மரபில் வந்த மன்னன் மிலிந்தனிடம், அவன் ஏறிவந்த தேரையே எடுத்துக்கொண்டு, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என நாகசேனர் அடுக்கிக் கேட்கிறார். இவற்றுள் எதுவும் தேரன்று, இவற்றின் தொகுதியும் தேரன்று, இவற்றுக்குப் புறம்பான ஒன்றும் தேரன்று, இவற்றைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்னும் முடிவுக்கு உரையாடல் வந்து சேர்கிறது. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் தம் 'விசுத்திமக்க'த்தில், உறுப்புகள் ஒரு குறிப்பிட்ட முறையில் அமையும்போதே அப்பெயர் எழுகிறது என்று ஒரு சிறு திருத்தம் சேர்த்தார். 7ஆம் நூற்றாண்டில் சந்திரகீர்த்தி இன்னும் ஆழமாகச் சென்று, தேரை ஏழு வழிகளில் தேடி, அமைப்பு வடிவமே தேர் என்னும் விடையையும் மறுத்தார். உறுப்புகள் பிரிந்து கிடந்தபோது கொண்டிருந்த வடிவத்தையே பூட்டிய பின்னும் கொண்டிருக்கின்றன என்றால், அப்போது இல்லாத தேர் இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது என்பது அவர் எழுப்பிய தடை.

இத்தடையின் வலிமையைச் சோதிக்க, காரின் சஸ்பென்ஷனைத் தாழ்த்தும் வழக்கத்தைப் போல் தெளிவான சான்று அரிது. சஸ்பென்ஷன் என்பது சக்கரத்தையும் வண்டியின் உடலையும் இணைத்து, சாலையின் மேடுபள்ளங்களுக்கு ஏற்பச் சக்கரம் ஏறி இறங்க இடம் கொடுக்கும் அமைப்பு; அதிலுள்ள ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, 40 மில்லிமீட்டர் குட்டையாக நிற்கும் ஸ்பிரிங்குகளைப் பூட்டினால் உடல் அந்த அளவுக்குத் தரையை நோக்கி இறங்குகிறது. வேறு எந்த உறுப்பும் மாற்றப்படுவதில்லை. ஒவ்வொரு போல்ட்டும் பழைய துளையிலேயே இருக்கிறது. ஆயினும் சக்கரங்கள் சாலையை நோக்கியும் ஒன்றையொன்று நோக்கியும் நிற்கும் கோணங்கள், அதாவது வீல் அலைன்மென்ட், குலைந்துவிடுகின்றன.

காரணம் வடிவியல் சார்ந்தது. சக்கரத்தைக் கீழே தாங்கும் லோயர் ஆர்ம் என்னும் கையும், ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டை ராட் என்னும் தண்டும் தத்தம் உள்முனையை மையமாகக் கொண்டு இருவேறு வளைவுகளில் ஏறி இறங்குகின்றன. வடிவமைப்பாளர் வகுத்த உயரத்தில் அவ்விரு வளைவுகளும் ஏறத்தாழ ஒத்துச்செல்லும். உடல் இறங்கியதும் அவை விலகத் தொடங்கும் பகுதிக்குப் போய்விடுவதால், சக்கரத்தின் முன்விளிம்பு உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்புகிறது. மேலிருந்து பார்க்கையில் தெரியும் இந்தத் திருப்பமே டோ எனப்படுவது. முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருப்பது கேம்பர்; தாழ்த்திய கார்களில் பெரும்பாலும் சக்கரத்தின் தலை உள்நோக்கிச் சாயும்.

கண்ணுக்கு உறுத்தலாகத் தெரிவது கேம்பர் என்றாலும் டயரை விரைந்து தின்பது டோதான். ஓடும் திசையிலிருந்து 1 பாகை விலகிய சக்கரம், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுவதற்கு ஒப்பான உராய்வை ஏற்கிறது. அவ்வாறு தேய்ந்த டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையைக் குறுக்கே ஓட்டினால், ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்லாகவும் தட்டுப்படும்.

இந்தத் தேய்மானத்துக்கு எந்த உறுப்பைக் குற்றம் சொல்வது? ஸ்பிரிங் தன் வேலையைச் செய்கிறது. ஆர்மும் டை ராடும் வளையவில்லை. பிரித்து மேசைமேல் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தால் அனைத்தும் பழுதற்றவை என்றே தெரியவரும். முழுமை என்பது உறுப்புகளின் சேர்க்கையால் பிறந்து உறுப்புகளில் உறையும் தனிப்பொருள் என்ற நியாய வைசேடிக மெய்யியலாரின் கொள்கையும் இங்கு நிறைவான விடை தருவதில்லை. சேர்க்கை சிறிதும் அறுபடவில்லை, சேர்ந்தவற்றின் கோணம் மட்டுமே மாறியிருக்கிறது. மேற்கண்ட தடையில் சந்திரகீர்த்தி விலக்கிய வடிவம் உறுப்புகள் தனித்தனியே தமக்கென உடையது. அலைன்மென்ட்டோ எந்த உறுப்பும் தனித்து உடைமையாகக் கொள்ள முடியாத உறவு. அந்த உறவும் பிறவற்றைச் சார்ந்தே இருப்பதால் அதுவும் தன்னியல்பு அற்றதே என்று அவர் சொல்லக்கூடும். அதை ஏற்கத் தடையில்லை. ஆனால் தன்னியல்பு இல்லாதது என்பதால் அது வெறும் பெயராகிவிடாது என்பதற்கு டயரே சாட்சி. சார்ந்து நிற்பதும் செயலாற்றும் என்பது சந்திரகீர்த்தி சார்ந்த மத்தியமகரின் சொந்த நிலைப்பாடுதான். தன்னியல்பின்மையைக் குறிக்கும் சூனியத்தை வெறும் இன்மை என்று படித்துவிடும் அவசர வாசகர்களே அதைத் தவறவிடுகிறார்கள்.

இனி, சரியான கோணம் என ஒன்று உண்டா என்பது எஞ்சுகிறது. அமெரிக்காவின் தென்மேற்கில் மெக்சிக்க வம்சாவழியினர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வளர்த்தெடுத்த லோரைடர் மரபு, காரைத் தரையோடு தாழ்த்தி மெதுவாக ஊர்வலம் போவதையே அழகாகக் கொண்டது. ரிம்மின் அடிவிளிம்புக்கும் கீழே உடலை இறக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 1950களின் இறுதியில் தடைவிதித்தபோது, ரான் அகிரே என்பவர் தம் கார்வெட் காரில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தி, விரும்பியபோது உயர்த்தவும் இறக்கவும் வழிகண்டார். அந்தத் தடை 2024 ஜனவரி 1 முதல்தான் மாநிலம் முழுவதும் நீங்கியது. உயரம் ஓயாமல் மாறும் இத்தகைய காரில் கோணங்களும் உடன் மாறுவதால், எல்லா உயரத்துக்கும் பொருந்தும் ஓர் அலைன்மென்ட் கிடையாது. காரை எந்த உயரத்தில் வைத்து ஓட்டப்போகிறார் என்பதை உரிமையாளரிடம் முதலில் கேட்டறிந்து, அந்த உயரத்தில் நிறுத்திய பிறகே மெக்கானிக்கால் டை ராடைத் திருகிச் சரிசெய்ய முடியும்.