உச்சிக்குழியும் திரோதானமும்

(சவ்வாது மலைச்சாரல் அமிர்தியில் அன்பர் குழாத்தின்முன் நிகழ்த்திய சொற்பொழிவு)



வேலூரினின்று ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், சவ்வாது மலைச்சாரலில் உள்ளது இவ்வமிர்தி. இதன் பெயரைக் கேட்ட அளவானே, யோக நூல்கள் உச்சியில் ஊறுவதாகக் கூறும் அமிழ்தம் நம் நினைவிற்கு வரும். ஆயின் இன்று யாம் பேசப்புகுவது யோகியரது உச்சியைப் பற்றியன்று. பச்சிளங் குழவியின் உச்சியைப் பற்றியே. இங்கு வரும் வழியில், ஆறு திங்கட் குழந்தையை இடுப்பில் ஏந்திய மலைநாட்டுத் தாயொருத்தி எம்மை நிறுத்தி, “சாமி, பிள்ளைக்கு உச்சி இன்னும் மூடவில்லை, அதன் வழியே உயிர் போய்விடுமோ?” என்று கேட்டாள். அவ்வினா எளியதன்று. உடனூலும் மெய்ந்நூலும் ஒருங்கே விடைகூறற்பாலது அது.

முதற்கண் உடனூல் கூறுவதைக் காண்போம். பிறந்த குழவியின் மண்டையோடு ஒரே எலும்பன்று. நெற்றியெலும்பு இரு கூறாயிருக்கும். அதன் பின்னே இருபுறத்தும் சுவரெலும்புகள். அவற்றின் பின்னே பிடரியெலும்பு. இவற்றிற்கிடையே உள்ள மூட்டுவாய்கள் வலிய சவ்வினால் இணைக்கப்பட்டுள்ளன. மூட்டுவாய்கள் கூடுமிடத்து உண்டாகும் இடைவெளியே உச்சிக்குழி. முன்னுச்சிக்குழி நாற்கோண வடிவினது. பின்னுச்சிக்குழி முக்கோண வடிவினது. பின்னது பெரும்பாலும் இரண்டு மூன்று திங்களில் மூடும். முன்னது 12 முதல் 18 திங்களிலும், சில குழவிகட்கு 24 திங்கள் அளவிலும் மூடும். நெற்றியின் நடுமூட்டுவாய் முதலாண்டிற்குள் இணைந்துவிடும். ஏனையவோ 20 வயதின் பின்னரே மெல்ல இணையத் தொடங்கும்.

இவ்விடைவெளியின் பயன் யாதோ எனின், இரண்டென்க. பிறப்புவழி குறுகியதாகலின், எலும்புகள் ஒன்றன்மேலொன்று சிறிது ஏறித் தலை அவ்வழிக்கு இசைந்து வெளிவருதல் ஒன்று. முதலாண்டிலேயே இருமடங்கிற்கு மேல் பெருகும் மூளைக்கு இடந்தருதல் மற்றொன்று. பிறக்குங்கால் ஏறக்குறைய 34 சென்டிமீட்டராயிருக்கும் தலைச்சுற்றளவு, ஓராண்டில் 45 அளவிற்கு வளர்கின்றது. இவ்வமைப்பை நம் நாட்டு முன்னோரும் கண்டிருந்தனர். சுச்சுருத சங்கிதை மூட்டுகளை எண்வகைப்படுத்தி, மண்டையோட்டு மூட்டினைத் தைத்த தையலுக்கு ஒப்பிட்டுப் பெயரிட்டது. தலையின் மூட்டுவாய்கள் ஐந்தினைச் சீமந்தம் என வழங்கி, மருமத் தானங்களுள் வைத்து எண்ணியது.

இனி, தாயின் வினாவிற்கு வருவோம். உயிர் உச்சிவழியே புகுந்தது, அவ்வழியே போகும் என்பது உலகவழக்கு. நம் சித்தாந்தமோ ஆன்மா வியாபகப் பொருள் என்று கூறும். வியாபகப் பொருள் ஒரு துளைவழியே புகுதலும் போதலும் இல்லை. அது வினைக்கேற்ற உடம்போடு கூடுதலே பிறப்பு. அவ்வுடம்பினை விடுதலே இறப்பு. அற்றேல், யோக நூல்கள் பிரமரந்திரம் எனக் கூறியது என்னை எனின், அது பாவனைக்குரிய தானமேயன்றி எலும்பின் துளையன்று. எலும்பின் துளையேயாயின், இரண்டாண்டில் மூடிய பின்னர் முதிர்ந்த யோகிக்கு அதனாற் பயனென்னை? மேலும், துவாதசாந்தம் உச்சிக்கு மேலே பன்னிரண்டங்குலத்தில் வைத்து எண்ணப்படும். ஆண்டு எலும்பே இல்லையன்றோ!

“மூளை வளர்கின்றது, அதன் விசையால் மூட்டுவாய் திறந்து நிற்கின்றது, வளர்ச்சி குறையவே மூடுகின்றது. இதற்குக் கடவுள் எற்றுக்கு?” என்பார் உளர். குடம் உண்டாதற்கு மண்ணும் திரிகையும் உண்டென்றது கொண்டு குயவன் இலனென்பார் இலர். உடனூல் கூறுவது முதற்காரணமாகிய மாயையின் காரியங்கள் இயங்கும் முறையையே. நிமித்தகாரணம் இதுவென ஆராய்தல் அந்நூலின் எல்லைக்குப் புறம்பு. ஆதலின் இரண்டற்கும் பகையில்லை.

இவ்வமைப்பு நமக்கொரு நல்லுவமையும் ஆகின்றது. மண்டையோடு மறைப்பது, ஆயினும் அம்மறைப்பு வளர்ச்சியின் பொருட்டே. முழுதும் மூடாது, முழுதும் திறவாது, பருவம் பார்த்து நிற்பது. திரோதான சத்தியும் அங்ஙனமே. அது மலத்தோடு நின்று மறைத்தலின் உபசாரத்தால் மலம் எனப்பட்டது. உண்மையில் மலத்தைப் பக்குவப்படுத்தும் அருளே அது. ஆண்டுப் பருவம் வந்துழி மூடுதலும், ஈண்டுப் பருவம் வந்துழி மறைப்பு நீங்கி அருளாதலும் வேற்றுமையாயினும், பருவம் நோக்கி நிற்றல் என்னும் அளவில் ஒருபுடை ஒப்புமை உண்டு.

இவ்விடத்தே ஒரு கடாவெழும். ஏறக்குறைய 2000 முதல் 2500 குழவிகளுள் ஒன்றற்கு மூட்டுவாய் பருவத்திற்கு முன்னரே இணைந்துவிடுகின்றது. தலை கோணுகின்றது, சிலர்க்கு மூளையும் நெருக்குண்கின்றது. இஃது ஏன்? வினை என்பது நம் விடை. ஆனால், அன்பர்காள், அவ்விடையை வாளா இருத்தற்கு ஏதுவாகக் கொள்ளுதல் பெருந்தவறு. கொடிமாடச்செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது, திருஞானசம்பந்தப் பெருமான் ‘இது முன்வினை’ என்று கடந்து சென்றனரல்லர். திருநீலகண்டத் திருப்பதிகம் அருளி அதனை நீக்கினர். திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவன் மகளின் முயலகன் நோயையும் தீர்த்தருளினர். நோய் வினைப்பயனாயின், அதனைத் தீர்க்கும் கையும் அவ்வினையின் வழியே இறைவன் கூட்டியதென்று கொள்ளுதலன்றோ முறை! வைத்தியநாதன் என்னும் திருப்பெயர் பின் எதற்கு? இம்மலைக்கு அணித்தாகிய வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், 1949-ஆம் ஆண்டில் மருத்துவர் ஜேக்கப் சாண்டி அவர்கள் மூளை அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். இந்திய நாட்டில் அத்துறை முதன்முதல் தோன்றியது ஆண்டே. முன்னரே இணைந்த மூட்டுவாயினை அறுவையாற் பிரித்து மூளைக்கு இடந்தருதல் இக்காலத்து இயல்வது. பெரும்பாலும் முதலாண்டிற்குள் அது செய்யப்படும். ஆதலின் தலை கோணியதைக் கண்டுழிக் காலந்தாழ்த்தலாகாது. பிறந்த தலையைக் கையால் அழுத்தி வடிவு திருத்தும் வழக்கமும் ஒழியற்பாலது.

இன்னும் ஒன்று. கழிச்சலும் வாந்தியும் கண்ட குழவிக்கு உச்சி பள்ளமாகும். அதனை ‘உச்சி விழுந்தது’ என்று கருதி மேலே தூக்க முயல்வார் உளர். உடம்பின் நீர் வற்றியதன் அடையாளமே அது. தாய்ப்பாலும், கழிச்சலுக்கென மருத்துவ நிலையங்களில் தரும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் ஊட்டி, விரைந்து மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். அழாது நிமிர்ந்திருக்குங்காலும் உச்சி புடைத்து இறுகி, சுரமும் உடனிருப்பின், ஒரு நாழிகையும் தாழ்த்தலாகாது.

அத்தாய்க்கு யாம் சொன்னது இதுவே: “அம்மா, உச்சி இப்போது மூடலாகாது, திறந்திருப்பதே பிள்ளைக்கு நன்று. அடியிலே வலிய சவ்வு உண்டு. அஞ்சாமல் தலை நீராட்டு.” அவள் குழந்தையின் உச்சியில் மெல்லக் கைவைத்துப் பார்த்தாள். அங்கே நாடி துடித்துக்கொண்டிருந்தது. பருவம் அறியாத தாயின் கைக்கும், பருவம் அறிந்து காக்கும் அம்மையப்பன் அருளுக்கும் இடையே அக்குழவி அச்சமின்றி உறங்கிற்று. நாமும் அவ்வருளை நம்பியிருத்தலோடு, பிறர் நோய் தீர்க்கும் பணியையும் அவ்வருளின் பணியெனவே கொண்டு ஒழுகுவோமாக.

திருச்சிற்றம்பலம்.