விட்டுவிட்டால் சரியாகிவிடுமா?



உண்பதற்கு ஆகுமாக்கப்பட்ட ஒரு பிராணியை, உண்ணும் எண்ணமே இல்லாமல், பொழுதுபோக்குக்காக வருத்தலாமா? வருத்திய பின் விட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடுமா? கேள்வி சிறியதாகத் தோன்றலாம். தராசு பிடிக்கும் நமக்கு இதில் பெரிய பாடம் உண்டு.

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு, நண்பர்கள் மூவரோடு குளுவாங்கிலிருந்து கஹாங் பக்கம் ஆற்றங்கரைக்குச் சென்றோம். நம் சகோதரி மகன், பத்து வயதுப் பிள்ளை, கூட வந்தான். நண்பர் ஒருவர் மண்புழு கொண்டு வரவில்லை. இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சியைக் கொண்டு வந்தார். வெள்ளைக்காரர் டிரௌட் மீனுக்குச் செய்த தந்திரம் இது. குளிர்ந்த நீரில்தான் அம்மீன் வாழும். அதை நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்டு, 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையமும் வைத்தார்கள். ஜொகூர் வெப்பத்தில் டிரௌட் தங்காது. ஆனால் இங்குள்ள செபாராவும் ஓடும் இரையைக் கண்டால் பாய்ந்து கவ்வும் மீன். ஆதலால் அதே தந்திரம் இங்கும் பலிக்கிறது.

வெயில் தாழ்ந்ததும் ஒரு செபாராவ் கவ்வியது. வெகுநேரம் இழுபறி. கரைக்கு வந்ததும் படம் எடுத்துக்கொண்டு, முள்ளைக் கழற்றி, ஆற்றிலேயே விட்டார். அதன் வாயோரம் இரத்தம் கசிந்திருந்தது.

"மாமா, திங்கப் போறதில்லேன்னா ஏன் புடிச்சீங்க?" என்றான் பிள்ளை.

"ஆத்துல மீன் குறைஞ்சு போச்சு தம்பி. எல்லாத்தையும் தூக்கிட்டுப் போனா நாளைக்கு என்ன இருக்கும்? விடுறதுதானே இரக்கம்?" என்றார் நண்பர்.

அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆற்றில் நஞ்சைக் கலப்பவரையும் மின்சாரம் பாய்ச்சுபவரையும் விட இவர் எவ்வளவோ மேல். சிறு மீன் தவறி விழுந்தால் விடுவதும் நல்லதே. ஆயினும் பிள்ளையின் கேள்வி அப்படியே நிற்கிறது. நீர் வேட்டையை அல்லாஹுத் தஆலா நமக்கு ஆகுமாக்கியது உணவுக்காக. ஆட்டை அறுக்கும்போதும் அது வருந்தாதிருக்கக் கத்தியைத் தீட்டச் சொன்ன மார்க்கம் நம்முடையது. உயிருள்ளதை விளையாட்டு இலக்காக்குவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். பசிக்காக முள்ளிடுவது வேறு, படத்துக்காக முள்ளிடுவது வேறு அல்லவா?

இதைச் சொல்ல நமக்கும் கூச்சமே. ஒரு ரமலானில் பேரீச்சம்பழப் பெட்டியில் நல்ல பழத்தை மேலே அடுக்கி, காய்ந்ததைக் கீழே வைத்து விற்றோம். வாங்கியவர் வயதான ஒரு மலாய்க்காரப் பெண்மணி. மறுநாள் நம்மைப் பார்த்து சலாம் சொன்னார். பழம் வாங்க அடுத்த கடைக்குப் போனார். ஒரு வார்த்தை ஏசவில்லை. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரத்தைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்க மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட செய்தி நாம் மதரஸாவில் ஓதியதுதான். நாம் மேலே அடுக்கிய பழமும் ஒரு பொய்ப் பூச்சி!

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, "பொருத்திக் கொள்ளுங்கள்" என்று கேட்டோம். சிரித்தபடி பொருந்திக் கொண்டார். மனிதருக்குச் செய்த தவறு அவர் பொருந்தாமல் தீராது. மீனிடம் போய் யார் பொருத்தம் கேட்பது? வாயில்லாப் பிராணிக்குச் செய்வதில் அதிகமாக அஞ்ச வேண்டியது இதனால்தான். முள்ளை எடுத்துவிட்டாலும் புண் அதன் வாயில் இருக்கிறது.

அன்று இதை நண்பரிடம் சொன்னோம். மறுமொழி சொல்லவில்லை. அடுத்து விழுந்த மீனை அவர் விடவில்லை. சுட்டு, மஃரிபுக்குப் பின் ஐவரும் பகிர்ந்து உண்டோம். பிறகு தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டார்.

ஆற்றங்கரையிலும் கல்லாவிலும் நிய்யத்தைச் சீராக்கிக்கொள்ள வல்ல நாயன் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.